அப்பா கடையின் மேல் தட்டில் ஒரு பை

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

எலிக்குட்டி எழுதிக்கொள்வது. இங்கே அப்பா, அம்மா, நான் எல்லோரும் நன்றாக இருக்கிறோம். அம்மாவுக்கு மட்டும் முழங்கால் வலி. நீ நன்றாக இருக்கிறாயா? அவர் நன்றாக இருக்கிறாரா? அவரை என்ன முறை சொல்லி எழுதுவது என்று தெரியாமல் 'அவர்' என்று போட்டிருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதே.

உன் கடிதத்தை டைப்ரைட்டிங் டீச்சர் வகுப்பு முடிந்ததும் என் பாவாடை மடியில் போட்டுவிட்டு, ஒன்றும் நடக்காதது போலச் சன்னலைச் சாத்தப் போய்விட்டார். வீட்டுக்கு வரும்வரை என் கால் தரையில் பாவவில்லை. சலூன்கார மாமா "என்னம்மா, பேய் கண்ட மாதிரி வர்றே?" என்று கேட்டார். பரீட்சை என்று சொன்னேன். இந்த மாதத்தில் என்ன பரீட்சை என்று அவர் கேட்கவில்லை. நல்லவேளை.

இரவில் எல்லோரும் தூங்கிய பிறகு மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து எழுதுகிறேன். எதிர் லாட்ஜில் புதிதாக விளக்குப் பலகை வைத்திருக்கிறார்கள். ஒரு நொடி சிவப்பு, ஒரு நொடி நீலம். சிவப்பில் ஒரு வார்த்தை, நீலத்தில் ஒரு வார்த்தை என்று எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் லாட்ஜ்காரரைத் திட்டு.

நீ போன பிறகு நம் தெருவில் நிறைய மாறிவிட்டது. குடைக்கடை போய் அங்கே ஜெராக்ஸ் கடை வந்துவிட்டது. குதிரை வண்டிகள் நின்ற இடத்தில் ஆட்டோக்கள் நிற்கின்றன. குதிரைத் தண்ணீர்த் தொட்டியில் யாரோ துளசி நட்டுவிட்டார்கள். போன வாரம் நகராட்சி ஆட்கள் வந்து ஒவ்வொரு கடைச் சுவரிலும் சிவப்பு மையால் கோடு போட்டுவிட்டுப் போனார்கள். தெருவை அகலப்படுத்தப் போகிறார்களாம். நம் கடையில் கோடு அப்பாவின் நாற்காலிக்கு நேர் மேலே விழுந்திருக்கிறது. அப்பா நாற்காலியை ஒரு முழம் உள்ளே தள்ளிப் போட்டுக்கொண்டு வழக்கம்போல ரயிலுக்கு வருகிறவர்களின் பைகளை வாங்கி வைத்து டோக்கன் கொடுக்கிறார்.

உன் பை இன்னும் மேல் தட்டில்தான் இருக்கிறது. நான் அந்தப் பக்கம் பார்ப்பதே இல்லை.

படித்ததும் கிழித்துவிடு.

உன் பயந்தாங்கொள்ளித் தங்கை


ஜனவரி 24

என் எலிக்குட்டிக்கு,

அக்காவின் முத்தம். நாங்கள் இருவரும் நலம். அம்மாவின் முழங்காலுக்கு ஒத்தடம் கொடுக்கிறாயா, அல்லது டைப்ரைட்டிங் என்று சொல்லி ஓடிவிடுகிறாயா?

'அத்தான்' என்றே எழுது. நீ முறை கேட்டதைப் படித்துக் காட்டியபோது அவருக்கு அப்படி ஒரு சிரிப்பு. இத்தனை நாள் எல்லோரும் 'ஏம்ப்பா வயர்மேன்' என்றுதான் கூப்பிட்டார்கள், எனக்கும் ஒரு முறை வந்துவிட்டது என்றார். பிறகு ஸ்டூலில் ஏறி, கெட்டுப்போகாத பல்பைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். சந்தோஷம் வந்தால் அவர் அப்படித்தான்.

எங்கள் ஊரில் குளிர் அதிகம். மாடி அறையை விட்டுக் கீழ் அறைக்கு மாறிவிட்டோம். படி ஏற வேண்டாம் என்று அத்தான்தான் பிடிவாதம் பிடித்தார். தண்ணீர்க் குடத்தைக்கூடத் தூக்க விடுவதில்லை. என்னை ராணியாக்கிவிட்டு அவர் வேலைக்காரன் ஆகிவிட்டார்.

அந்தப் பை கிடக்கட்டும். அதை நினைத்தால் எனக்கு இப்போது சிரிப்புத்தான் வருகிறது. ஓடிப்போகிற பெண் யாராவது தன் பையை அப்பன் கடையிலேயே கொண்டு வைப்பாளா? ஆனால் நமக்கு வேறு என்ன தெரியும்? பை என்றால் கடையில் வைக்க வேண்டும், டோக்கன் வாங்க வேண்டும், வண்டிக்குப் போகும்போது எடுக்க வேண்டும். பிறந்ததிலிருந்து பார்த்தது அதுதானே. அப்பா சாப்பிட மாடிக்குப் போகும் நேரம், நீ கல்லாவில் இருப்பாய், வந்து எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்று நினைத்தேன். அன்றைக்குப் பார்த்து வண்டி தாமதம், கடையில் கூட்டம், அப்பா சாப்பிடப் போகவே இல்லை. எதிர்ப் பக்கம் நின்று பார்த்துவிட்டு, கை வீசிக்கொண்டு போய் வண்டியில் ஏறினேன்.

பையை வாங்கிக்கொண்டு நீ எடுத்துக் கொடுத்த டோக்கன் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. தெருவைப் பற்றி இன்னும் எழுது. சலூனில் அந்த நீளக் கண்ணாடி இருக்கிறதா?

அன்புடன்,
அக்கா


பிப்ரவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் அத்தானும் நலமாக இருக்க வேண்டும். உனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லையே? குடம் தூக்கக்கூட முடியாத அளவுக்கு என்ன? மறைக்காமல் எழுது.

எனக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. தெருவை இடித்த பிறகு நம் கடையில் பாதிதான் மிஞ்சுமாம். அதனால் ஸ்டேஷனின் புதுக் கட்டிடத்தில் அப்பாவுக்கு ஒரு கடை கொடுத்திருக்கிறார்கள். இடம் என்னவோ நன்றாக இருக்கிறது, ஷட்டர் கதவு, மொசைக் தரை. ஆனால் சின்னது. ஒரு மாதத்துக்கு மேல் எந்தப் பையையும் வைத்திருக்கக் கூடாது என்று அங்கே விதி. ஆகவே வருடக்கணக்காக யாரும் எடுக்காமல் கிடக்கும் பைகளை எல்லாம் திறந்து, உள்ளே முகவரி ஏதாவது இருக்கிறதா என்று பார்த்து, உரியவர்களுக்கு அனுப்பப் போகிறார்கள்.

அப்பாவுக்கு இதில் துளியும் இஷ்டம் இல்லை. டோக்கன் கொண்டு வருகிறவரிடம் பெயர்கூடக் கேட்கக் கூடாது என்பவர், ஊரார் பையைத் திறப்பாரா? நாலு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தார். கடைசியில், தனியாகத் திறக்க மாட்டேன், இரண்டு சாட்சி வேண்டும் என்று சொல்லிவிட்டார். சாட்சிகள் யார் தெரியுமா? சலூன்கார மாமாவும் நம் டைப்ரைட்டிங் டீச்சரும். டீச்சர் அதைக் கேட்டதும் என்னைப் பார்த்தார். நான் டைப்ரைட்டரைப் பார்த்தேன்.

அக்கா, உன் பையில் என் பச்சை ஸ்வெட்டர் இருக்கிறது. மறந்துவிட்டாயா? அங்கே குளிருமே, தோளிலாவது போட்டுக்கொள் என்று நான்தான் கடைசி நேரத்தில் மேலே திணித்தேன். அம்மா பின்னியது. ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. உலகத்தில் அதுபோல் இன்னொன்று இருக்காது. பள்ளியில் தொலைத்துவிட்டேன் என்று பொய் சொல்லித் திட்டு வாங்கினேன்.

திட்டுக்கு நான் பயப்படவில்லை. நீ போன அன்று எல்லோரும் என்னைச் சுற்றி நின்று துருவித் துருவிக் கேட்டார்கள். அப்போது அப்பாதான் குறுக்கே வந்து, "சின்னவளுக்கு ஒண்ணும் தெரியாது. அவ என்கிட்ட மறைக்க மாட்டா. அவள விடுங்க" என்றார். அதை அந்த ஸ்வெட்டர் பொய்யாக்கிவிடும். பை திறக்கும்போது அப்பா முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்?

ஏதாவது வழி சொல்லு.

உன் எலி


பிப்ரவரி 20

அன்புத் தங்கைக்கு,

நலம். பயப்படும்படி எனக்கு ஒன்றும் இல்லை. காலையில் மட்டும் டீ வாசனை ஆகவில்லை. பக்கத்து வீட்டு அம்மா புளிப்பாக ஏதாவது கொண்டுவந்து கொடுத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். அவ்வளவுதான்.

இதற்குப் போய்ச் சோறு இறங்காமல் இருப்பாயா? வழி சுலபம். சனிக்கிழமை அப்பா சாப்பிடப் போகும்போது நீதானே கல்லாவில் இருக்கிறாய்? ஏணி போட்டு ஏறு, கயிற்றை அவிழ், ஸ்வெட்டரை மட்டும் எடு, கயிற்றைக் கட்டு, இறங்கு. பையைத் திறக்கும்போது என் சேலைகள் இருக்கும். என் மானம் போனது போனதுதான், உன் பெயராவது மிஞ்சட்டும்.

ஏறும்போது பார்த்து ஏறு. கீழ்ப்படி ஆடும்.

தெருவைப் பற்றி நீ எழுதவே இல்லையே? அப்பா என்னைப் பற்றி எப்போதாவது பேசுகிறாரா? பேசாவிட்டால் பேசவில்லை என்றே எழுது. பரவாயில்லை.

அக்கா


மார்ச் 5

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். அம்மா கால் தேவலை.

நீ சொன்னபடி ஏறினேன். அப்பா மாடிக்குப் போயிருந்தார். பையைத் தொட்டேன், மேலெல்லாம் தூசி. முடிச்சில் பாதி அவிழ்த்துவிட்டேன். அதற்கு மேல் கை போகவில்லை அக்கா. உன் பைதான், என் ஸ்வெட்டர்தான், எல்லாம் தெரியும். ஆனால் அந்தக் கடைக்குள் நின்றுகொண்டு, டோக்கன் இல்லாமல் ஒரு பையைத் திறக்க என்னால் முடியவில்லை. நம் கடையில் இதுவரை யாரும் அதைச் செய்ததில்லை. திருடுகிற மாதிரியே இருந்தது. அவிழ்த்த பாதியையும் கட்டிவிட்டு இறங்கிவிட்டேன். கோழை என்று நீ சொல்வாய். சொல்லிக்கொள்.

டோக்கனை எனக்கு அனுப்பிவிடு. யாரிடமாவது கொடுத்து வாங்கச் சொல்கிறேன். டோக்கனைக் காட்டினால் அப்பா ஒரு கேள்வி கேட்க மாட்டார். டீச்சரைக் கேட்டேன். சாட்சிக்கும் வந்து திருட்டுக்கும் வருவதா என்று முதலில் மறுத்தார். பிறகு, அவர் தம்பி வெளியூரிலிருந்து வருவான், அவனை அனுப்பலாம் என்றார். டோக்கன் சீக்கிரம் வர வேண்டும்.

நீ கேட்டாயே, அப்பா உன்னைப் பற்றிப் பேசுவதில்லை. ஆனால் போன வாரம் சலூன்கார மாமா, "பெரியவ இப்ப எந்த ஊர்லண்ணே இருக்கா?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டார். அப்பா தலை நிமிராமல் "வண்டி போற ஊர்ல" என்றார். அதற்குப் பிறகு வெகுநேரம், ஏற்கெனவே துடைத்த டோக்கன்களையே துடைத்துக்கொண்டிருந்தார்.

உடனே அனுப்பு.

எலி


மார்ச் 30

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் நலம் கேட்டதற்குப் பதில் இல்லையே? டீச்சர் என்னைக் கண்டதும் உதட்டைப் பிதுக்குகிறார். டோக்கன் வரவில்லை, கடிதமும் வரவில்லை. என்மேல் கோபமா? அல்லது நிஜமாகவே உடம்பு சரியில்லையா?

இடிக்கும் இயந்திரம் வந்துவிட்டது. ஸ்டேஷன் பக்கமிருந்து ஆரம்பித்துக் கோடு போட்ட இடத்தில் ஒவ்வொரு கடையாக நறுக்கிக்கொண்டு வருகிறார்கள், ரொட்டியை நறுக்குவது போல. சலூனின் மாடி அறை அப்படியே தெருவுக்குத் தெரிகிறது. பச்சைச் சுவர், ஆணியில் ஒரு சட்டை, மூலையில் கட்டில். மாமா அந்தக் கட்டிலில் உட்கார்ந்து போகிற வருகிறவர்களுக்கெல்லாம் கை காட்டுகிறார். மந்திரி மாதிரி இருக்கிறது என்கிறார். நீ கேட்ட நீளக் கண்ணாடியைக் கழற்றி நம் கடையில் வைத்திருக்கிறார். அதற்கும் அப்பா டோக்கன் கொடுத்தார். மாமா அதைக் காதில் தொங்கவிட்டுக்கொண்டு தெருவே சிரிக்கும்படி நடந்து காட்டினார்.

நான்கூடச் சிரித்தேன். தெரு அழகாகத்தான் ஆகப் போகிறது. வெயில் இப்போது நம் கல்லாவரை வருகிறது. அம்மா மாடியிலிருந்தே வண்டி வருவதைப் பார்க்கிறாள். டீச்சர் கம்ப்யூட்டர் வாங்கப் போகிறார், மூன்று டைப்ரைட்டர்களை விற்றுவிட்டார்.

மே மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை பைகளைத் திறப்பது என்று முடிவாகிவிட்டது.

தயவுசெய்து அனுப்பு.

எலி


ஏப்ரல் 14

என் எலிக்குட்டிக்கு,

நீண்ட நாள் எழுதாததற்கு மன்னித்துக்கொள். எனக்கு உடம்பு நன்றாகவே இருக்கிறது. மனம்தான் இங்கேயும் அங்கேயும் போய் வந்துகொண்டிருந்தது.

டோக்கனை உறையில் போட்டு ஒட்டி, தபாலாபீஸ் வரைக்கும் மூன்று முறை போனேன். மூன்று முறையும் திரும்பிவிட்டேன். முன்பின் தெரியாத ஒருவன் அந்த டோக்கனை நீட்டுவான், அப்பா நம்பி எடுத்துக் கொடுப்பார். யார் என்று கேட்காமல் கொடுப்பதுதான் அப்பாவின் கௌரவம். அதே கௌரவத்தை வைத்து அவரை இரண்டாம் முறை ஏமாற்றுவதா? நீ முடிச்சை அவிழ்க்க முடியாமல் இறங்கி வந்தாயே, அதைப் படித்த பிறகு எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. உனக்கு அந்த வழியைச் சொன்னது நான்.

என் பையை நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். இருபத்தைந்தாம் தேதி சனிக்கிழமை, மத்தியான வண்டிக்கு. தனியாகத்தான். அத்தான் கூட வருகிறேன் என்கிறார். முதலில் நான் போய்ப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

நீ ஒன்றும் தெரியாததுபோல் இரு. ஸ்வெட்டர் நான் கேட்காமல் எடுத்தது என்று சொல்லிக்கொள்கிறேன்.

அக்கா


ஏப்ரல் 20

அக்கா,

வராதே. கெஞ்சிக் கேட்கிறேன். அப்பா உன்னைப் பார்த்து ஏதாவது சொல்லிவிட்டால் அதைத் திருப்பி எடுக்க முடியாது. தெருவில் இப்போது கடைகளுக்கு முன்பக்கச் சுவரே இல்லை. யார் என்ன பேசினாலும் எல்லோருக்கும் கேட்கும். ஸ்வெட்டர் போனால் போகட்டும், நான் திட்டு வாங்கிக்கொள்கிறேன். எனக்காக நீ பொய் சொல்லவும் வேண்டாம்.

இவ்வளவுதான்.

எலி


ஏப்ரல் 25

பிரியமுள்ள தங்கச்சிக்கு,

அத்தான் எழுதுவது. நலம், நலம் அறிய ஆவல். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கம் இல்லை.

உன் கடிதம் இன்று காலை பத்து மணிக்கு வந்தது. உன் அக்கா நேற்று இரவே வண்டி ஏறிவிட்டாள். அவளுக்கு வந்ததை நான் பிரித்தது தப்புத்தான். ஆனால் அவள் உடம்பு இருக்கும் நிலையில், ஏதாவது அவசரமோ என்று பயந்து பிரித்துவிட்டேன். படித்த பிறகு இன்னும் பயமாக இருக்கிறது. இன்று ஒரு வீட்டில் ஃபேன் சுவிட்சில் லைட்டையும் லைட் சுவிட்சில் ஃபேனையும் மாற்றிக் கொடுத்துவிட்டேன்.

அவளைப் பெண்கள் பெட்டியில், சன்னல் பக்கம் உட்கார வைத்தேன். என்ன நடந்தது என்று நீயாவது எழுது. நல்லதோ கெட்டதோ, அப்படியே எழுது.

இப்படிக்கு,
அத்தான்


ஏப்ரல் 28

அன்புள்ள அத்தானுக்கு,

நமஸ்காரம். அக்கா நலம். முதலில் அதைச் சொல்லிவிட்டேன், இனி நிதானமாகப் படியுங்கள்.

அன்றைக்கு எனக்குப் பள்ளி அரை நாள். அப்பாவை எப்படியாவது சாப்பிட அனுப்பிவிட வேண்டும் என்று பாடுபட்டேன். வண்டி வருகிற நேரத்தில் கல்லாவை விட்டு எழுந்திருப்பேனா என்றார். சலூன்கார மாமா எங்கள் கடையில் கண்ணாடியைச் சாய்த்து வைத்து, அதன் முன்னால் யாருக்கோ முடி வெட்டிக்கொண்டிருந்தார். அக்கா தெருவில் வருவது எனக்கு அந்தக் கண்ணாடியில்தான் முதலில் தெரிந்தது. மாமாவின் கத்தரி நின்றுவிட்டது.

அக்கா நேராக உள்ளே வந்து டோக்கனைக் கல்லாமேல் வைத்தாள். அப்பா எப்போதும் ஆளைப் பார்ப்பதற்கு முன் டோக்கனைத்தான் பார்ப்பார். நம்பரைப் படித்துவிட்டு, "மேல் தட்டு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஏணியில் ஏறினார். பையை இறக்கி, துணியால் தூசி தட்டி, கல்லாமேல் வைத்தார். அதற்குப் பிறகுதான் நிமிர்ந்தார்.

எவ்வளவு நேரம் ஆனது என்று எனக்குத் தெரியவில்லை. அவள் வந்து இறங்கிய மத்தியான வண்டி புறப்பட்டே போய்விட்டது. பிறகு அப்பா, எல்லோரிடமும் சொல்வதை அப்படியே சொன்னார். "தொறந்து பாத்துக்குங்க. எல்லாம் சரியா இருந்தா எடுத்துட்டுப் போலாம்."

அக்காவைப் போய் 'பாத்துக்குங்க' என்கிறாரே! அக்கா கயிற்றை அவிழ்த்தாள். மேலேயே பச்சை ஸ்வெட்டர். அப்பா அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி ஸ்வெட்டரைப் பார்த்தார். அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவள் பொய் சொல்வதற்குள், நான்தான் வைத்தேன் என்று சொல்லிவிட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஆனால் அப்பாவுக்குக் கேட்டுவிட்டது.

அவர் அக்காவைத்தான் கேட்டார்.

"எத்தன மாசம்?"

"அஞ்சுப்பா."

"மாடிப்படி செங்குத்து. ஏறாத. அம்மாவக் கீழ வரச் சொல்றேன்."

இதைக் கேட்ட பிறகுதான் எனக்கு விஷயமே புரிந்தது அத்தான். புளிப்பு, குடம், கீழ் அறை எல்லாம். நான் ஒரு மண்டு. அம்மா முழங்கால் வலியை மறந்து இறங்கி வந்த வேகத்தைச் சொல்லி மாளாது. மாமா, பாதி வெட்டிய தலையோடு அந்த மனிதரை உட்கார வைத்துவிட்டு, அக்காவுக்கு நாற்காலி எடுத்துப் போட்டார்.

அப்பா அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை. மறுநாளும் இல்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நேற்றுச் சாயங்காலம் என்னைக் கடைக்குக் கூப்பிட்டார். சின்னவளுக்கு ஒன்றும் தெரியாது என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்தேனே என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அப்புறம்தான் அவருக்கு உண்மையான கோபம் வந்தது.

"பூட்டு இல்லாத பைய உன்ன யாரு வாங்கச் சொன்னா? வெறும் கயிறு. உள்ள இருந்து ஒரு சாமான் போயிருந்தா, கடைக்கு என்ன பேரு?"

இனிமேல் வாங்க மாட்டேன் என்றேன். புதுக் கடையில் சனிக்கிழமை மத்தியானம் நீதான் உட்கார வேண்டும், அங்கேயும் இப்படிச் செய்தால் தொலைத்துவிடுவேன் என்றார். நான் தலையாட்டிவிட்டு மாடிக்கு ஓடிப் போய், அம்மா பார்க்காமல் அழுதேன். சந்தோஷத்தில்தான்.

அக்கா கீழே, கடைக்குப் பின்னால் இருக்கும் அறையில் தூங்குகிறாள். இன்னும் பத்து நாள் கழித்துப் போகலாம் என்று அம்மா சொல்லிவிட்டாள். மற்றப் பைகளை ஞாயிற்றுக்கிழமை திறக்கிறார்கள். டீச்சருக்கு இப்போது நல்ல தூக்கம் வருகிறதாம்.

இந்தக் கடிதத்தைப் பகலில், கல்லாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். பக்கத்தில் அப்பா இருக்கிறார். யாருக்கு எழுதுகிறாய் என்று கேட்டார். அத்தானுக்கு என்றேன். டோக்கன்களைக் கம்பியில் கோத்துக்கொண்டிருந்தார். நான் இந்தப் பக்கத்தை முடிக்கப் போகும்போது சொன்னார்:

"வரும்போது பூட்டு இருக்கிற பையா எடுத்துட்டு வரச் சொல்லு."

அன்புடன்,
உங்கள் கொழுந்தியாள் எலிக்குட்டி